வெள்ளையடித்த கொட்டகை

ஒன்பதாம் அத்தியாயம்

டோல்கேட் கொட்டகையைத் தோல் மண்டி முதலாளி குத்தகைக்குக் கேட்டதும், அதை விடக்கூடாது என்று சொக்கம்மாள் தீப்பெட்டி ஆலை வேலை முடிந்த கையோடு வீடு வீடாகப் படியேறிக் கைநாட்டு வாங்கியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. கார்ப்பரேஷன் கூட்டத்தில் முடிவு செய்யும் முன் கவுன்சிலர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லியனுப்பினார்கள். அந்த ஞாயிறும் வந்துவிட்டது.

காகம் கரையும் முன்பே எழுந்தவர் சொக்கம்மாளைப் பெற்ற அப்பாவு. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்து முதுகு வளைந்த மனுஷர். யாரையும் நம்பமாட்டார். மாட்டின் எதிரில் நின்று கறக்கச் சொல்லி வாங்கிய பாலிலும் விரலை விட்டுப் பார்ப்பார். கூத்தில் அவருக்குக் கட்டியக்காரன் வேஷம். ராஜாவையும் மந்திரியையும் சபையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷனையும் வாய்க்கு வந்தபடி வைவதற்கு அந்த வேஷத்துக்கு மட்டும் உரிமை உண்டு. மேடையிலிருந்து இறங்கினால் அதே வாயை இறுகப் பூட்டிக்கொள்வார்.

கொட்டகை என்றால் பெரிய சபா மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பட்டணத்துக்குள் நுழையும் மாட்டு வண்டிகள் சுங்கம் கட்டக் காத்துநின்ற இடம். மூன்று பக்கம் சுவர், மேலே ஓடு, ரோட்டைப் பார்த்த பக்கம் திறப்பு. சுங்கம் போனது, வண்டிகள் நிற்பது போனது, கொட்டகை நின்றது. அதில் ஒரு பக்கம் சிலம்பம், ஒரு பக்கம் பஜனை, ஒரு பக்கம் பெண்டுகளின் கும்மி. மொகரம் வந்தால் அப்பாவுவின் சிநேகிதன் உசேன் கூட்டத்தின் மேளம். ஞாயிறு சாயந்தரம் கூத்து. காலடிப்பேட்டையிலிருந்துகூட ஜனங்கள் நடந்து வருவார்கள்.

"எல்லாத்தயும் தூக்கு. ஒண்ணியும் இருக்கக் கூடாது," என்றார் அப்பாவு.

"ஏன் நைனா? அத்தப் பாக்கத்தான வராரு," என்றாள் சொக்கம்மாள்.

"பாக்க வரவன் சும்மா பாத்துட்டுப் போவானா? கண்ணுல பட்டுது, கையில போச்சி. அன்னிக்கி போலீஸ்காரன் லைசன் இல்லன்னு இஸ்துகினு போன மேளம் இன்னா ஆச்சி? இன்னிக்கும் அவன் வூட்ல கோழி மூடிகினு இருப்பான் அதுல."

மற்றவர்களும் அவர் பக்கம்தான் பேசினார்கள். பெரிய மனுஷன் வருகிறான் என்றால் வீட்டில் இருக்கிற பழைய தட்டுமுட்டெல்லாம் ஒளித்து வைப்பதுதானே நம்ம ஜனங்களின் வழக்கம்? கிரீடம், புஜக்கட்டை, அரிதாரச் சட்டி, சிலம்பக் கழி, மேளங்கள் எல்லாம் கைவண்டியில் ஏறி உசேன் வீட்டுக்குப் போயின. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மிச்சச் சுண்ணாம்பை வீணாக்குவானேன் என்று மேலே உத்தரத்துக்கும் அடித்தார்கள். வாசலில் கோலம். லூர்து தன் முடிவெட்டும் கடையிலிருந்து, தலை சாய்த்துக்கொள்ளும் கட்டை வைத்த நாற்காலியைத் தூக்கிவந்து நடுவில் போட்டான். வேறு நல்ல நாற்காலி அந்தப் பக்கத்திலேயே கிடையாது.

வேலை முடியும் நேரத்துக்கு ஜெயவேல் வந்து ரோட்டோரம் நின்றான்.

ஜெயவேல் அப்பாவுவின் மகன். தோல் மண்டியில் மேஸ்திரி, கிடங்குச் சாவிக்கொத்து எப்போதும் அவன் மடியில். அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பன் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். முதலாளி கொட்டகையைக் கேட்ட பிறகு அவன் இருக்கிற திசையைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. இன்னிக்கி உள்ள ஜனத்தச் சேக்காத," என்றான்.

"உங்க மொதலாளி சொல்லி அனுப்ச்சாரா?"

"அவுரு இன்னாத்துக்குச் சொல்றாரு. நானாத்தான் சொல்றேன்."

"அவுரு சோத்தத் துன்னுட்டு நீயா சொல்றியா? போடா. ஜனத்தச் சேக்காதன்னா காலியா காட்டணும், அதான? நல்லா கீதுடா உன் ரோசன."

அவன் மேலே எதையோ கைகாட்ட வந்தான். ஏணியிலிருந்து அப்பாவுவின் குரல் வந்தது: "சொக்கு, ரோட்ல போறவங்களாண்ட இன்னா பேச்சு? கோலத்த மெறிச்சிடப் போறாங்க, தள்ளி நிக்கச் சொல்லு."

ஜெயவேல் கையை இறக்கிக்கொண்டு போய்விட்டான்.

மோட்டார் வந்து நின்றது. கவுன்சிலர் இறங்கினார். கோட்டு, தலைப்பாகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. முகத்தில் கெட்டவர் என்று எழுதியிருக்கவில்லை. அப்பாவுவுக்கு அதுவே சந்தேகம். கூட வந்தவர் தோல் மண்டிக் கணக்குப்பிள்ளை தங்கப்பாண்டி. அவர் முகத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

ஜனங்கள் வெளியே வரிசையாக நின்றார்கள். தோய்த்த வேட்டி, எண்ணெய் வைத்த தலை. வெற்றிலை போடுகிறவர்கள்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு நின்றார்கள். 

கவுன்சிலர் உள்ளே போனார். நாலு பக்கமும் பார்த்தார். வெள்ளைச் சுவர், பெருக்கிய தரை, முடிவெட்டும் நாற்காலி. அதில் அவரை உட்கார வைத்து மாலை போட்டார்கள். பன்னீர் தெளித்தார்கள். தலைக்குப் பின்னால் இருந்த கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"இங்கே என்னதான் நடக்கிறது?"

அப்பாவு கையைக் கட்டிக்கொண்டார். "ஒண்ணியும் நடக்கலீங்க. சுத்தமா வச்சிகினு கீறோம்."

"கூத்து உண்டு, மேளம் உண்டு என்றல்லவா விண்ணப்பத்தில் இருந்தது?"

லைசென்ஸைத்தான் நோண்டுகிறான் என்று தோன்றிவிட்டது அப்பாவுவுக்கு. "மேளமா? நம்மாண்ட ஏதுங்க மேளம்."

 தங்கப்பாண்டி குனிந்து கவுன்சிலரின் காதுக்குச் சொல்வதுபோல ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "சும்மா கெடக்குற எடம்தானுங்க. நான்தான் சொன்னனே."

கவுன்சிலர் மாலையைக் கழற்றித் தடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சொக்கம்மாள் மோட்டார் வரைக்கும் ஓடினாள்.

"எங்க நைனா பயந்துகினு சொல்லிட்டாருங்க. எல்லாம் கீது. ஒளிச்சி வச்சிகீறோம். சாயந்தரம் வந்து பாருங்க, உங்களுக்கு நிக்க எடம் இருக்காது."

"எனக்கு எண்ணூரில் ஒரு விருந்து. இந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்," என்றார் அவர். "வருகிறேன். ஆனால் அம்மா, மறுபடியும் வெள்ளைச் சுவரைக் காட்டாதே. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நான் கண்ணால் கண்டதைத்தான் சொல்லுவேன்."

மோட்டார் கிளப்பிய புழுதி அடங்கியது.

பிறகு சொக்கம்மாள் அப்பனிடம் வந்தாள். "பொண்ணு பாக்க வந்தவனாண்ட பொண்ண அடுப்பங்கரையில ஒளிச்சி வச்சிட்டு, வூட்டச் சுத்திக் காட்டிகீற நைனா."

அப்பாவுவுக்குப் பதில் இருந்தது. ஒன்றுக்கு நாலாக இருந்தது. ஆனால் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உசேன் வீட்டுக்கு நடந்தார்.

உசேன் வீட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டிலில் கிரீடம், அடுப்படியில் புஜக்கட்டை. அவன் பெண்டாட்டி ரஹீமுன்னிசா அரிதாரச் சட்டியைத் தாண்டித் தாண்டி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள வூட்டு சீர எப்போ எடுத்துகினு போவீங்க அண்ணே?" என்றாள்.

"இப்பவே எடுத்துக்கறோம்மா," என்றார் அப்பாவு. குரல் இறங்கியிருந்தது.

கைவண்டியில் சாமான் ஏற்றும்போது உசேன் பழைய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அடிபட்டு அடிபட்டு ஒரு பக்கம் குழி விழுந்த தகரம். "இத்தயும் ஒளிச்சிருந்தியே தோஸ்து. இத்த எந்தப் போலீஸ்காரன் எடுத்துகினு போவான்?"

அப்பாவு அதைக் கையில் வாங்கினார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் குண்டு போட்ட வாரம் அப்படியே வந்து எதிரில் நின்றது.

துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த புகை வானத்தை மறைத்திருந்தது. பட்டணமே மூட்டை கட்டியது. அண்டா குண்டானோடு வடக்கே ஓடின ஜனங்கள் டோல்கேட்டில் வண்டி மேல் வண்டி மாட்டிக்கொண்டு நகர முடியாமல் இந்தக் கொட்டகையில் இறங்கினார்கள். ராயபுரத்துக்காரன், வண்ணாரப்பேட்டைக்காரன், புளியந்தோப்புக்காரன், எல்லாம் ஒரே ஓட்டுக்குக் கீழே. யாருக்கும் யாரையும் தெரியாது. குழந்தைகள் ஓயாமல் அழுதன.

அப்போதுதான் பட்டம்மாள் பாடினாள். அப்பாவுவின் பெண்டாட்டி. இடுப்பில் சொக்கம்மாள், வயிற்றில் ஜெயவேல். வெட்கப்பட்டுப் புருஷன் எதிரில்கூட வாய்விட்டுப் பேசாதவள், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு பாடினாள்.

*கடலுக்கு அந்தாண்ட கப்பல் போவட்டும்*
*கண்ணே நீ இந்தாண்ட கண்ண மூடம்மா*

எங்கிருந்தோ ஒரு தகர டப்பாவில் தாளம் விழுந்தது. மூலையில் ஒண்டியிருந்த ஒரு முஸ்லிம் பையன் தட்டினான். அவன்தான் உசேன். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அப்பாவு முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, குண்டுச் சத்தம் கேட்டதும் துறைமுகத்து வெள்ளைக்கார துரை ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறுமனேயுமாக ஓடின ஓட்டத்தை ஓடிக் காட்டினார். சிரித்த சிரிப்பில் ஒரு கிழவிக்கு விக்கல் எடுத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

கப்பல் போய்விட்டது. ஜனங்களும் வீடு திரும்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் யாரையும் கூப்பிடாமலே, சாயந்தரம் பாதிப் பேர் கொட்டகைக்கு வந்து நின்றார்கள். ஏன் வந்தோம் என்று சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லை. "பாடும்மா," என்றார்கள் பட்டம்மாளைப் பார்த்து.

அப்படித்தான் ஆரம்பித்தது. பட்டம்மாள் இல்லாமல் போன பிறகும் நிற்கவில்லை.

"என்னாண்ட பேஜாரு புடிச்ச வாயி ஒண்ணு கீதுடா உசேனு," என்றார் அப்பாவு. "தொறக்க வேண்டிய எடத்துல மூடிக்கிது."

"மூட வேண்டிய எடத்துல தொறக்குது. அத்தயும் சேத்துக்க," என்றான் உசேன். "வண்டியத் தள்ளு."

வெயில் தாழ்ந்தபோது கொட்டகை பழைய கொட்டகை ஆகிவிட்டது. வெள்ளைச் சுவரில் அரிதாரக் கை பட்டுச் சிவப்பும் பச்சையுமாகத் தடம். ரோட்டோரம் வைக்கோலைக் கொளுத்தி உசேன் கூட்டத்தார் மேளத்தைக் காய்ச்சினார்கள். உப்புக் காற்றில் தோல் தளர்ந்துபோகும், சூடு காட்டினால்தான் கணீரென்று பேசும். இந்தத் தடவை அப்பாவு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: வருகிறவருக்கு மாலை கிடையாது, நாற்காலி கிடையாது, வணக்கமும் கிடையாது.

எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த மோட்டாரைப் புகை மறித்தது. கவுன்சிலர் இருமிக்கொண்டே இறங்கினார். உள்ளே நுழைந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தூண் ஓரமாக நின்றார்.

"யோவ் கோட்டு, குந்துய்யா. பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்கிது," என்றாள் மீன் விற்கிற கெங்கம்மா. கவுன்சிலர் தரையில் உட்கார்ந்தார். கெங்கம்மா கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

ராஜா வருகிறார் என்று சொல்ல வந்த கட்டியக்காரன் சபையை ஒரு சுற்றுப் பார்த்தான். கண் கோட்டில் நின்றது.

"ஆரது அங்க? காலையில சேர்ல குந்த வச்சா இன்னா நடக்குதுன்னு கேட்டவரு, இப்போ தரையில குந்தினு குஷாலா கீறாரு. இன்னா சாமி, எண்ணூரு மீனு செரிச்சிதா?"

கொட்டகை அதிர்ந்தது. கவுன்சிலர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுவுக்கு அந்தச் சிரிப்பில் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை.

ராஜா சண்டை முடிந்து, அடுத்த வேஷம் வரும் இடைவெளியில் பெண்டுகள் பாடினார்கள். சொக்கம்மாள் எடுத்துக்கொடுத்தாள். பட்டம்மாளின் பாட்டு. குரலும் கிட்டத்தட்ட அவளுடையதே. காஸ் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்த லூர்து, பம்பு அடிப்பதை விட்டுவிட்டு நின்றான்.

கவுன்சிலர் எழுந்து அப்பாவுவிடம் வந்தார்.

"பெரியவரே, நான் பேசுகிறேன். இதைத் தோல் கிடங்காக்கக் கூடாது என்றே பேசுகிறேன். ஒரே ஒரு முள்தான் இருக்கிறது. கூரை உளுத்துவிட்டது, எப்படியும் இடிக்கத்தான் வேண்டும் என்று அந்த முதலாளி எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ நன்றாகத்தான் தெரிகிறது. ஏறிப் பார்த்தவன் அவர் மேஸ்திரியாம். ஜெயவேல் என்று பெயர் சொன்னார்கள். உங்களுக்குத் தெரியுமா? நம்பக்கூடிய ஆள்தானா?"



ஒரு வார்த்தை போதும். புளுகன் என்றால் முடிந்தது, கொட்டகை நம்முடையது. மண்டிக்காரன் சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன சொல்வான் என்று கேட்டால் ஊரே ஆமாம் போடும்.

அப்பாவுவின் கண் வாசலுக்குப் போனது. ஜெயவேல் வெளியே, வைக்கோல் சாம்பலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். கூத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான். பிறகு நடு உத்தரத்துக்கு நேர் கீழே நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்டு பிள்ளைகளைப் பார்த்தான். மறுபடியும் கூரை.

உள்ளே ஜனத்தைச் சேர்க்காதே என்று காலையில் அவன் சொன்னது, ஏணியின் மேலிருந்த அவர் காதிலும் விழுந்ததுதான்.

ஜெயவேல் ராணி வேஷம் கட்டின காலம் உண்டு. மீசை அரும்பாத முகம், பட்டம்மாளின் பழைய சேலை. புருஷனை இழந்த ராணி அழ வேண்டிய இடத்தில் அவனுக்கு அழுகை வராது. வராததை வந்ததாகக் காட்டவும் தெரியாது. உசேன் வெங்காயத்தை நசுக்கி முந்தானையில் முடிந்துவிடுவான். அதை முகர்ந்துவிட்டு, "இது வெங்காயந்தான்," என்று ராணி சபையிலேயே சொல்லிவிட்டாள் ஒரு தடவை. கூத்து கெட்டது. பட்டம்மாள் மட்டும் மகனை அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பெரியவரே?" என்றார் கவுன்சிலர்.

"எம்புள்ளங்க அவன்," என்றார் அப்பாவு. "அவன் சொன்னா நம்பலாம்."

மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார். "உசேனு, நிறுத்து. எல்லாரும் வெளிய வாங்க. புள்ளைங்களத் தூக்கிக்க. ஓடாதீங்க, கம்முனு நடந்து வாங்க. ரோட்ல ஆடலாம் மிச்சத்த."

கட்டியக்காரன் ஏதோ புது வேடிக்கை காட்டுகிறான் என்று முதலில் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார்கள். கெங்கம்மா கூடையோடு, லூர்து விளக்கோடு, ராஜா கிரீடத்தோடு. கடைசிக் குழந்தை வெளியேறும் வரைக்கும் அப்பாவு உள்ளேயே நின்றார்.

"நீங்களே இப்படிச் சொல்லிவிட்டால், செவ்வாய்க்கிழமை நான் என்னத்தைப் பேசுவது?" என்றார் கவுன்சிலர். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"எனுக்கு இன்னா தெரியும். பேசத் தெரிஞ்சவரு நீங்க. இந்த ஜனம் இன்னிக்கி எம்மாம் பேருன்னு பாத்தீங்க இல்ல, அத்தச் சொல்லுங்க."

ரோட்டோரத்தில் காஸ் விளக்கை வைத்து மேளம் மறுபடியும் எழுந்தது. கவுன்சிலர் மோட்டாரில் ஏறவில்லை. மோட்டாரின் மீது சாய்ந்துகொண்டு பார்த்தார்.

அப்பாவு மகனிடம் போனார். எத்தனையோ நாள் கழித்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. உத்தரத்தைப் பற்றியே பேசினார்.

"எந்த எடம்?"

"நடுவுல, நைனா. முழுக்க கரையான். மேல பாத்தா கட்ட மாரி கீது, உள்ள மண்ணு. நீங்க வெள்ள அடிச்சதுல தடமும் மூடிப்போச்சி."

"என்னாண்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"நீ எங்க என்னாண்ட பேசின."

அப்பாவு கூரையை நிமிர்ந்து பார்த்தார். "முட்டுக் குடுத்தா நிக்குமா?" என்றார்.

"ரெண்டு மாசம் தாங்கும். அதுக்குள்ள உத்தரம் மாத்திக்கலாம். எதிர வெறகு மண்டியில பனங்கட்ட கீது. வா."

இருவரும் போய்க் கட்டையைப் புரட்டினார்கள். அந்த நேரம் பார்த்து சைக்கிள் ஒன்று வந்து நின்றது. தங்கப்பாண்டி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஜனத்தைப் பார்த்தார், மோட்டாரில் சாய்ந்திருந்த கவுன்சிலரைப் பார்த்தார், கடைசியில் கட்டையின் ஒரு முனையைப் பிடித்திருந்த ஜெயவேலைப் பார்த்தார்.

"மொதலாளி காலையில உன்ன வந்து பாக்கச் சொன்னாருப்பா," என்றார். "சாவிக்கொத்த எடுத்துகினு வரச் சொன்னாரு."

சைக்கிள் போய்விட்டது. சொக்கம்மாள் பாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னாடா சொல்லிட்டுப் போறாரு? சாவி இன்னாத்துக்கு?"

ஜெயவேல் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். 

"நைனா," என்றான், "உன் பக்கம் தூக்கு. கனமா கீது."